சீனத்துப் பங்காளிகள்

1

சீனாக்காரர்களுக்கும் பங்காளிகள் உண்டு. ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சிங்கப்பூருக்கு வந்து இத்தனை வருடம் சீனர்களுக்கு நடுவில் குடியிருந்தும் எனக்கே இது தெரியாமல்தான் இருந்தது. ஒரு சினிமாப் படத்தில் கண்டேன். அதையும் என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால்தான் கண்டேன்.

போன வாரம் எங்கள் கல்யாண நாள். 1998 மார்ச்சில், மாலை இல்லாமல் மேளம் இல்லாமல், பதிவாளர் அலுவலகத்து மின்விசிறிக்குக் கீழே நடந்த கல்யாணம். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் என் வீட்டுக்காரர் தேக்கா சந்தைக்குப் போய் நாட்டுக்கோழி என்று சொல்லி விற்கிற ஏதோ ஒரு கோழியை வாங்கி வருவார். நான் குழம்பு வைப்பேன். ஊரிலிருந்து யாரும் வாழ்த்திப் பேசமாட்டார்கள். எங்களைப் பொறுத்தவரை அது கல்யாண நாள். ஊரைப் பொறுத்தவரை அது நாங்கள் கெட்டுப்போன நாள்.

இந்த வருடம் போன் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் படத்தைச் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் எங்களுக்கு என்ன கேடு என்பதைச் சொல்ல வேண்டும்.

2

நான் கூடலூர்ப் பெண். அப்பாவுக்குச் சுருளி ரோட்டில் திராட்சைத் தோட்டம். 1996-ல் பெரியகுளத்தில் தோட்டக்கலை பயிற்சி ஒன்று நடந்தது. அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். மருந்தடிப்பு, கவாத்து எல்லாம் கணக்காகச் செய்ய வீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கே வருசநாட்டுப் பக்கம் கடமலைக்குண்டிலிருந்து வந்திருந்தவர் முருகேசன். ஒட்டுக்கட்டுவதில் கை சுத்தமான ஆள். நான் கட்டிய மாங்கன்று ஒட்டெல்லாம் காய்ந்துபோக, அவர் கட்டியது மட்டும் துளிர்க்கும். அதில் ஆரம்பித்த பேச்சு.

ஆள் யார், என்ன சனம் என்று நாங்களும் மறைமுகமாக விசாரித்துக்கொண்டோம். எங்கள் ஆட்கள்தான். அது போதும், வீட்டில் ஒரு மாதம் கத்துவார்கள், பிறகு பந்தல் போட்டுவிடுவார்கள் என்று இரண்டு பேரும் தைரியமாக இருந்தோம். குலசாமி எது என்று கேட்கத் தோன்றவில்லை. இருபது வயதில் யார் குலசாமி கேட்டுக் காதலிக்கிறார்கள்?

மறு வருடம் மாசி சிவராத்திரிக்கு மலையடிவாரத்தில் எங்கள் சாமி கோயிலுக்குப் போயிருந்தோம். சிவராத்திரி என்றால் எந்த ஊரில் இருந்தாலும் அவரவர் குலசாமியிடம் போய்விட வேண்டும், அது நம் பக்கத்து வழக்கம். நான் பொங்கல் பானையை இறக்கிக்கொண்டிருந்தேன். கொட்டுச் சத்தத்தோடு வருசநாட்டுக்காரர்கள் சாமிப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார்கள். முன்னால் பெட்டியைத் தலையில் வைத்து, வெறும் மேலோடு, நெற்றி நிறையத் திருநீறோடு வந்தவர் முருகேசன்.

ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளி மகன் அண்ணன். அவ்வளவுதான் கணக்கு. எந்தத் தலைமுறையில் பிரிந்தார்கள், ரத்தத்தில் சொட்டாவது மிச்சம் இருக்கிறதா என்பதெல்லாம் கேள்வியே இல்லை.

அப்பாவுக்கு ஒரே பெருமை. "நம்ம வருசநாட்டுப் பங்காளிக. இந்தப் பய உனக்கு அண்ணன் முறை. வாங்கண்ணேன்னு கூப்பிடுத்தா" என்றார்.

முருகேசன் முகத்தில் ஈயாடவில்லை. என் கையில் பானை சுட்டது. நான் "வாங்க" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அப்பா சொன்ன மிச்ச வார்த்தையை நான் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாதவள் இன்றுவரை சொல்லவில்லை. நான் செய்த குற்றம் என்று ஊர் சொல்வது இது ஒன்றுதான்.

3

நாங்கள் சிங்கப்பூருக்கு வந்ததற்குக் காரணம் கேட்பவர்களிடம் வேலை என்று சொல்வோம். பூங்காக்களைப் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் அவர் மேற்பார்வையாளர். நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். "டாக்டர் வந்துட்டாக" என்று வாய் தவறிச் சொன்னால், தஞ்சாவூர்ப் பக்கத்து நோயாளிகள் வாய் வலியையும் மறந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த "ஆக"வையும் விட்டுவிட்டால் ஊரிலிருந்து நான் கொண்டுவந்ததில் மிச்சம் என்ன இருக்கிறது?

மகள் பெயர் கயல். இங்கேயே பிறந்தாள். நாங்கள் வேலைக்குப் போகும்போது எதிர்வீட்டு லிம் ஆண்ட்டிதான் பார்த்துக்கொண்டார். அதனால் அவளுக்குச் சோறு என்ற வார்த்தைக்கு முன்னால் சீனத்தில் சோறு வந்தது. பள்ளியில் தமிழ் படிக்கிறாள், நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறாள். ஆனால் கனவில் உளறும்போது சீனத்தில் உளறுகிறாள். நான் ஏதாவது திட்டினால் லிம் ஆண்ட்டியைப் போலவே கையை விரித்து "ஐயா" என்று இழுக்கிறாள். அது நம் ஐயா இல்லை, சீனர்கள் சலித்துக்கொள்கிற ஐயா.

2004-ல் அப்பா இறந்துபோனார். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கோபம் வருகிறது. எழுதுகிறேன்.

சேதி கேட்டு இரண்டு பேரும் கிளம்பிப் போனோம். துக்க வீட்டில் மருமகன் கோடித்துணி கொண்டுவந்து போர்த்த வேண்டும். பங்காளிகள் மொட்டை போட வேண்டும். அவர் தேனியில் இறங்கிக் கோடி எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் மறித்துவிட்டார்கள். "பங்காளி கோடி போடக் கூடாது. வேணும்னா வந்து மொட்டைக்கு உக்காரு" என்றார் என் சித்தப்பா. மொட்டைக்கு உட்கார்ந்தால் எனக்கு அண்ணன் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாகும். அவர் உட்காரவில்லை. கோடியையும் கீழே வைக்கவில்லை. பங்காளிகள் ஒரு பக்கம், மாமன் மச்சான்கள் ஒரு பக்கம் நிற்க, இவர் மட்டும் தெரு நடுவில் துணியைக் கையில் ஏந்திக்கொண்டு பாடைத் தேர் கிளம்பும்வரை நின்றார். மாசி வெயில். யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கவில்லை.

அம்மா உள்ளே இருந்தார். அவர் கண்ணிலும் இது பட்டது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

4

போன தீபாவளிக்கு முன்னால் அம்மா எங்களைப் பார்க்க வந்தார். முதல் தடவை. நான் வற்புறுத்தவில்லை, அவரே "வரட்டுமாத்தா?" என்று கேட்டார். எனக்குக் கைகால் ஓடவில்லை.

ஆனால் விமான நிலையத்திலேயே பிரச்சினை. நாங்கள் வெளியே காத்திருந்தோம். கூட வந்த கூட்டமெல்லாம் போய்விட்டது. அம்மாவைக் காணோம். என் போன் அடித்தது. குடிநுழைவு அதிகாரி, தமிழ்ப்பெண்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினார். "அம்மா சொல்றது ஒண்ணும் விளங்கல. வீட்டு முகவரி முருகேசன்னு இருக்கு, அவர் யாருன்னு கேட்டேன். கொழுந்தன் மகன்னாங்க. அப்ப மகள் எங்கேன்னு கேட்டேன். அவளும் அந்த வீட்லதான் இருக்கான்னாங்க. அப்ப அவங்க அண்ணன் தங்கச்சியான்னு கேட்டா ஆமாங்கறாங்க, கொஞ்சம் கழிச்சு, கட்டிக்கிட்டாகங்கறாங்க. என்ன மேடம் இது?"

"அவர் என் வீட்டுக்காரர். பதிவுத் திருமணம். வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

"மாப்பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்போமே" என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தைதான் இந்தப் பன்னிரண்டு வருடமாக எனக்கு வேண்டியிருந்தது. அம்மா வாயால். வேறு சொத்துச் சுகம் எதுவும் நான் கேட்கவில்லை. அதை அம்மா ஓர் அரசாங்கத்தின் முன்னால் நின்றபோதும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். என் வீட்டுக்காரர் "வாங்க அத்தை" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். அம்மாவுக்குக் காது கேட்கவில்லை.

வீட்டிலும் அதுவேதான். "அத்தை, டீ குடிக்கிறீங்களா?" என்றால் காது கேட்காது. "டீ வேணுமா?" என்று மொட்டையாகக் கேட்டால் கேட்கும். என் வீட்டுக்காரருக்குச் சோறு போட வேண்டுமென்றால் அம்மா கயலைக் கூப்பிட்டு, "வந்து உக்காரச் சொல்லு" என்பார். யாரை என்று சொல்லமாட்டார். ஆனால் தட்டில் மீன் துண்டு பெரியதாக விழும். அவர் ஒரு நாளும் முகம் கோணவில்லை. விடாமல் அத்தை என்றே கூப்பிட்டார். பிடிவாதத்தில் அம்மாவுக்கு அவர் சளைத்தவர் இல்லை.

கயல் அம்மாச்சி என்று கூப்பிட்டாள். அம்மா என்னிடம் தனியாகக் கேட்டார். "இவ என்னைய அம்மாச்சின்னு கூப்புடணுமா, அப்பத்தான்னு கூப்புடணுமா? ரெண்டு வழியும் வருதே."

"வயித்து வழி எதுவோ அது" என்றேன்.

5

ஒரு சனிக்கிழமை மதியம். லிம் ஆண்ட்டி வீட்டுத் தொலைக்காட்சி பழுது. தனக்குப் பிடித்த சீனப் படம் போடுகிறான் என்று எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார், கையில் ஒரு தட்டு ஆரஞ்சுச் சுளையோடு. அவருக்கும் அம்மாவுக்கும் பொது மொழி கிடையாது. ஆனாலும் ஒரு வாரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து கீரை ஆயும் அளவுக்குச் சிநேகம். அம்மாவுக்குக் குமுளிச் சந்தையில் பழகிய மலையாளம் கொஞ்சம் உண்டு. தமிழ் தெரியாதவர் யாராக இருந்தாலும் மலையாளத்தில் பேசினால் புரியும் என்பது அவர் நம்பிக்கை. "சேச்சி, இரிக்கு" என்பார். லிம் ஆண்ட்டியும் உட்காருவார்.

அம்மா, லிம் ஆண்ட்டி, நான் மூவரும் சோபாவில். கயல் கீழே உட்கார்ந்து அம்மாச்சிக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். அரை நாள் வேலை முடித்து வந்திருந்த என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளோடு இருந்தார்.

படம் மூன்று காலத்தில் நடக்கிற காதல் கதை. முதலில் ராஜா காலம். ஆற்றோரத்து ஊர் ஒன்றில் பெரிய வீட்டுப் பெண். அடிபட்ட வெள்ளைக் கொக்கைக் காப்பாற்றுகிறாள், அது அவளுக்குச் சாகாத வரம் கொடுக்கிறது. அவள் காதலிப்பது பாலம் கட்டுகிற தச்சனை. அவன் இடதுகைக்காரன். வெள்ளம் வந்து அவனைக் கொண்டுபோகிறது. போகும்போது, திரும்பப் பிறந்து வருவேன், இடது கையை வைத்துக் கண்டுபிடி என்கிறான்.

"நல்ல அடையாளம் சொன்னான் போ. நம்ம வீதியிலேயே நாலு பேரு நொட்டாங்கையன்" என்றார் அம்மா. ஆனால் முந்தானை கண்ணுக்குப் போய்விட்டது.

ஆண்டுகள் உருண்டன. நீளச் சடை ஆண்கள், பல்லக்குகள். சாகாதவள் வைத்தியச்சியாக ஊர் ஊராக அலைகிறாள். கடைசியில் சொந்த ஊருக்கே வருகிறாள். அங்கே அவள் குடும்பத்து முன்னோர் கூடம். இறந்தவர்களின் பெயர் எழுதிய மரப்பலகைகள் வரிசையாக நிற்கின்றன. அவளும் செத்துவிட்டதாக நினைத்து அவள் பெயருக்கும் ஒரு பலகை. உள்ளே ஒருவன் பத்தி கொளுத்திக்கொண்டிருக்கிறான், இடது கையால். அவள் தம்பியின் பலகைக்கு முன்னால். அவன் அவளுடைய தம்பி வம்சத்தில் பிறந்திருக்கிறான்.

கயல் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் திரும்பிப் பார்த்தேன். மேசையில் செய்தித்தாள் கீழே இறங்கியிருந்தது.

"அடி ஆத்தீ!" என்று எழுந்தேவிட்டார் அம்மா. "தம்பி வம்சத்துப் பயலா? பங்காளில்ல! இவ எப்படிக் கட்டுவா? சேச்சி, இது முறையா?"

லிம் ஆண்ட்டிக்கு என்ன புரிந்ததோ, தலையைப் பலமாக ஆட்டினார். கயலிடம் நீளமாக ஏதோ சொன்னார். கயல் மொழிபெயர்த்தாள். "ஒரே குடும்பப் பேரு இருந்தா கட்டிக்கக் கூடாதாம், அம்மாச்சி. அந்தக் காலத்துல. லிம் ஆண்ட்டியோட அக்கா ஒரு லிம்மைக் கட்டணும்னு சொன்னாங்களாம். அவங்க அப்பா விடலையாம். கடைசிவரைக்கும் அவங்க கல்யாணமே பண்ணலையாம்."

"பாத்தியா!" என்று அம்மா என்னைப் பார்த்தார். கடல் தாண்டி வந்து தன் கட்சிக்கு ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம். லிம் ஆண்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் லிம் ஆண்ட்டி சந்தோஷமாக இல்லை. அவர் கண் திரையில் இருந்தது, கன்னம் நனைந்திருந்தது. அந்த அக்கா இருந்திருந்தால் என்ன வயது இருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊரிலிருந்து தப்பித்து இவ்வளவு தூரம் ஓடி வந்தால் இங்கேயும் அதே கூடம், அதே வரிசை. சீனப் பெருஞ்சுவர் கட்டினவர்களும் இதைத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

படம் ஓடியது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, முடியாது என்கிறார்கள். அவள் கூடத்துக்குள் போய்த் தன் பெயர்ப் பலகையைத் தானே எடுத்து, பத்தி எரியும் கொப்பரையில் போடுகிறாள். இனி அவள் அந்த வீட்டுப் பெண் இல்லை. வரமும் போய்விடுகிறது. அவனோடு வாழ்ந்து, நரைத்து, செத்துப்போகிறாள். கடைசியில் இந்தக் காலம். ஓடுகிற ரயிலில் முன்பின் தெரியாத ஒரு பையனும் பெண்ணும் ஒரே கம்பியைப் பிடித்திருக்கிறார்கள், அவன் இடது கையால். படம் முடிந்தது.

அம்மா ஓர் ஆரஞ்சுச் சுளையை எடுத்து நார் உரித்தார். பிறகு, "மூணு காலத்துலயும் அவளப் பெத்தவ ஒருத்தி வரவே இல்லையே. அவளுக்கு ஆத்தாவே கெடையாதா?" என்று கேட்டார்.

"காட்டலை, அம்மாச்சி" என்றாள் கயல்.

6

லிம் ஆண்ட்டி போன பிறகு அம்மா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். மடியிலிருந்து எதையோ எடுப்பதுபோல மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"அந்தப் புள்ள செஞ்சது சரிதானத்தா? பேர எடுத்துட்டா, முறை சரியாயிருதுல்ல?"

"அதனால?"

"உங்க மாமன்கிட்டப் பேசிட்டேன். ஒன்னைய அவுக தத்து எடுத்துக்கிறாக. நம்ம கோயில்ல, பங்காளிக முன்னால, தண்ணிய விட்டுக் குடுத்துட்டா நீ மாமன் வீட்டு மக. அவுக சாமி வேற. அப்பறம் இவுகளைக் கட்டுனது சரியாப் போகும். அடுத்த சிவராத்திரிக்கு வாங்க. ஊருல அப்படி ரெண்டு மூணு பேருக்குச் செஞ்சிருக்காக. இதச் சொல்லத்தான் நான் ஏரோப்ளேன் ஏறி வந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

என் அம்மாவைக் குறைவாக நினைக்காதீர்கள். மாமாவிடம் பேசி, சித்தப்பாமாரைச் சரிக்கட்டி, பாஸ்போர்ட்டுக்கு மதுரைக்கு அலைந்து, ஆகாயத்தில் கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிட்டபடி வந்திருக்கிறார். அவரால் முடிந்த வழி அது ஒன்றுதான். இவரை மாப்பிள்ளை என்று கூப்பிட அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தும் என் வாய் அடங்கவில்லை.

"தண்ணி விட்ட நிமிசத்துல நான் யாரு மக?"

"மாமன் மக."

"அப்பா?"

அம்மா அரிசி டப்பாவைத் திறந்தார்.

"உசுரோட இருந்தப்ப எங்கூடப் பேசாமப் போயிட்டாரு. இப்ப நானும் அவரை விட்டுரணுமா? அந்தச் சீனத்துப் பொம்பளைக்குப் புத்தி இல்லம்மா. பலகையை ஏன் நெருப்புல போடணும்? அது அவ அப்பன் வீடு. அவளுக்கு அதுவும் வேணும், அவனும் வேணும். ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னிருக்கணும். என்ன பண்ணியிருப்பாங்க?"

"ஒரே ஒரு நிமிசம்த்தா. வெளிய போயிட்டு மறுபடி உள்ள வாற. அம்புட்டுத்தான்."

"நான் வெளிய போகவே இல்லையே. ஊர்ல எல்லாப் பொண்ணும் தாலி ஏறினதும் அப்பன் சாமிய விட்டுட்டுப் புருசன் சாமியக் கும்பிடப் போகுது. எனக்குச் சாமி மாறவே இல்ல. பெறந்தப்பக் கும்பிட்ட சாமியத்தான் இன்னைக்கும் கும்பிடுறேன். அந்தக் கோயில்ல என்னைவிட உரிமை எவளுக்கு இருக்கு?"

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரும்பி நின்றார். அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "எனக்காக அவ அப்பாவை மாத்த வேணாம் அத்தை. நீங்க என்னைய எதுவும் கூப்பிடாமயே இருங்க. எனக்குப் பழகிருச்சு."

அம்மாவுக்குக் காது கேட்டது. நிச்சயமாகக் கேட்டது. ஆனால் அரிசி களையப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்பினார். லிம் ஆண்ட்டி ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்தார். விமான நிலையத்தில் அம்மா கயலுக்கு முத்தம் கொடுத்தார், என் தலையைத் தடவினார், அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், யாரோ ஒரு பெரிய மனிதரைக் கும்பிடுவதுபோல. முறை எதுவும் இல்லாதவர்களைத்தான் அப்படிக் கும்பிடுவார்கள்.   நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட இன்றைக்கும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் வீட்டுக்குப் போகும் ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

7

இந்தச் சிவராத்திரிக்கு நாங்கள் போகவில்லை. தத்துக்கு ஏற்பாடு செய்திருந்த மாமா கோபித்துக்கொண்டார் என்று கேள்வி. அம்மாவிடமிருந்தும் பேச்சு மூச்சு இல்லை. அவ்வளவுதான், ஆத்தாளும் போனாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம், கல்யாண நாளன்று, கோழி அடுப்பில் இருந்தது. போன் அடித்தது. என் சித்தப்பா மகள் கௌசல்யா. மொட்டைக்கு உட்காரச் சொன்ன அதே சித்தப்பாவின் மகள்தான். ஊரில் இவரை மச்சான் என்று கூப்பிடுகிற ஒரே ஆள். கை ஈரமாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, ஒனக்கு ஒண்ணு தெரியுமா? சிவராத்திரிக்குக் கோயில்ல பொங்கல் வச்சிக்கிட்டு இருந்தோம். பானை பொங்குற வரைக்கும் பொம்பளைக சும்மா இருக்கணுமேன்னு பெரியம்மா ஒரு கதை சொன்னாக. சிங்கப்பூர்ல பாத்த சினிமாவாம். கொக்கு வரம் குடுக்குமாம்ல?"

"ஆமா."

"நல்ல கதைக்கா. அந்தப் பொண்ணு ஆசைப்பட்டவன் பங்காளி வீட்டுல பெறந்துருவானாம். ஊரு கூடி, கட்டுனா பலகையத் தூக்கி நெருப்புல போடுன்னு சொல்லுமாம். அவ மாட்டேன்னுட்டாளாம். பலகைய ஒரு கையில, அவனை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னுட்டாளாம். எனக்குச் சாமி மாறல, என்னைய விட உரிமை எவளுக்கு இருக்குன்னு கேட்டாளாம். பெரியம்மா அதைச் சொல்றப்ப அவுக குரலே மாறிப்போச்சு. அங்கன ஒருத்தி வாயத் தொறக்கலை."

 அவர் வெங்காயத்தை வைத்துவிட்டார்.

"அப்பறம் ஒரு ஆளு கேட்டாக. யாரு தெரியுமா? ஓம் மாமியா. கடமலைக்குண்டுக்காரக பானை பக்கத்துலதான் இருந்துச்சு. இத்தன வருசமாப் பெரியம்மா முகத்தக்கூட அவுக ஏறிட்டுப் பாத்ததில்ல. 'மதினி, அப்ப அந்தப் புள்ளையோட ஆத்தா என்ன சொன்னா?'ன்னு கேட்டாக. அக்கான்னு இல்ல, சம்பந்தி மொறையில மதினின்னு."

"அம்மா என்ன சொன்னாக?"

"'அவ என்ன சொல்லுவா? மாப்ள, வெயில்ல எம்புட்டு நேரம் நிப்பீக, கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்னு சொன்னா'ன்னாக பெரியம்மா."

 கௌசல்யா "யக்கா, லைன்ல இருக்கியா?" என்றாள். படத்தில் அப்படி ஓர் ஆத்தா வரவில்லை என்று கயல் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

அவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "கடைசியாச் சொன்னது சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லு கௌசல்யா" என்றார்.

அவள் இன்னொரு தடவை சொன்னாள். முதல் வார்த்தையிலிருந்து சொன்னாள்.

அவர் எழுந்து கை கழுவப் போனார்.